பூனைக்குத் தெள்ளுப்பூச்சி: அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூனை நடமாட்டம் இல்லாத பெரிய வீடு அபூர்வம். சில பூனைகள் நாம் வளர்ப்பவை. மற்றவை மூன்றாங்கட்டு விறகு அறையில் தாமாக வந்து குட்டி போட்டுக் குடியேறியவை. எலியை அண்டவிடாது என்பதால் யாரும் விரட்டுவதும் இல்லை. இரண்டுக்கும் சாப்பாடுதான் வேறு, தெள்ளு ஒன்றுதான்.

இதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பூனையிடமோ உங்கள் காலிலோ என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் இரண்டும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியவை என்பதால் மேலே வைத்திருக்கிறேன். கடைசித் தலைப்பில் வரும் பூனைப் பிறாண்டலும் கடியும் தவிர, மற்றவற்றுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆனால் எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் கடைசியில் வீட்டுத் தரைக்குத்தான் வந்து நிற்பீர்கள். பூனை மேல் ஓடுவது வளர்ந்த பூச்சி மட்டும். வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளில் அது இருபதில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் பாய்க்கடியிலும் சுவரோரத்திலும் கிடக்கிறது.

குட்டி சோர்ந்து கிடக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது

மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தால் உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டது. கூடவே உடம்பு சில்லென்று இருக்கும், மூச்சு வேகமாக வாங்கும், தாயிடம் பால் குடிக்கப் போகாது, மற்ற குட்டிகள் விளையாடும்போது இது மட்டும் ஒதுங்கிப் படுத்திருக்கும்.

பூச்சி கடித்தா உயிர் போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பூனைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 60 மில்லி ரத்தம். அரைக் கிலோ குட்டிக்கு 30 மில்லி. அவ்வளவுதான் மொத்த இருப்பு. ஒரு பெண் தெள்ளு தன் எடையைப் போலப் பதினைந்து மடங்கு ரத்தத்தை ஒரே நாளில் குடிக்கும். எழுபது, எண்பது பூச்சி சேர்ந்தால் தினம் 1 மில்லி போய்விடும். அடை மழைக்காலத்தில் விறகு அறையில் பிறந்த குட்டி மேல் எழுபது பூச்சி என்பது அதிசயமே இல்லை. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை சூடு. உலர்ந்த துணியில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலை இன்னொரு துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். குட்டி துவண்டு கிடந்தால் குளிப்பாட்டவே வேண்டாம். ஈரம்பட்டு உடம்பு குளிர்ந்தே சில குட்டிகள் போய்விடும். பேன் சீப்பு போதும். கழுத்திலிருந்து வால் வரை சீவி, சீப்பில் மாட்டியதை சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் தெள்ளு மிதந்து, குதித்து வெளியே வந்துவிடும். சோப்பு கலந்திருந்தால்தான் மூழ்கும்.

குட்டி தெம்பாக இருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம். அதிலும் முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பட்டதும் பூச்சியெல்லாம் முகத்துக்கு ஏறிவிடும். அப்புறம் துடைத்து, நன்றாகக் காயவைத்து, சூடாக வைக்க வேண்டும்.

தெள்ளு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பல மருந்துகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஆகாது. ஃபிப்ரோனில் ஸ்ப்ரே போன்று மிகச் சிறு குட்டிக்கும் ஏற்றவை உண்டு என்றாலும், அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் வேறு பூனையிடமிருந்து ரத்தம் ஏற்ற வேண்டியும் வரலாம். அதனால் காலையில் வெளுப்பைப் பார்த்தால் சாயங்காலம் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். குட்டியோடு தாயையும் தூக்கிக்கொண்டு போங்கள். தாய் மேல் பூச்சி இருக்கும்வரை குட்டிக்கு விடிவு இல்லை.

பெரிய பூனைக்கு ஈறு வெளுத்து, காய்ச்சலும் இருந்து, கண்ணின் வெள்ளை மஞ்சளித்தால் அது வேறு கதை. ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி காரணமாக இருக்கலாம். அதைப் பரப்புவதில் தெள்ளுக்கும் பங்கு இருப்பதாகக் கருதப்படுகிறது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் இதை வீட்டில் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

மருந்து போட்ட சில மணி நேரத்தில் நடுக்கம், எச்சில் ஒழுகல், வெட்டி வெட்டி இழுத்தல்

பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் சின்னக் குப்பி ஒன்றை நீட்டினார். “நம்ம நாய்க்குப் போட்டது மிச்சம் இருக்கு தம்பி. பூனைக்குப் பாதி போட்டாப் போதும்ல?”

“பாதியும் வேண்டாம் ஆச்சி, ஒரு சொட்டும் வேண்டாம்.”

நாய்க்கான பல மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாயின் ஈரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் குறைவு. அதனால் மருந்து உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்குகிறது. காது துடிக்கும், தசை உதறும், எச்சில் ஒழுகும், பிறகு வலிப்பு வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். சில பூனைகளுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்தும் வருவதுண்டு. மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்த பூனைக்குக்கூட வந்திருக்கிறது.

மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கும் மருந்தும் இதே குடும்பம்தான். லேபிளில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று எது இருந்தாலும் பூனை மேல் போடக் கூடாது. அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தும் ஆகாது. ‘பூனைக்கு’ என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். பூனைப் படம் மட்டும் போதாது.

போட்டாயிற்று, நடுங்குகிறது என்றால்: வலிப்பு இல்லாமல் இருந்தால் பாத்திரம் கழுவும் லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு மருந்து பட்ட இடத்தை உடனே கழுவுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம், தோல் இன்னும் வேகமாக உறிஞ்சும். நக்கவிடாமல் துண்டில் சுற்றி, மருந்து அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். வலிப்பு தொடங்கிவிட்டால் கழுவிக்கொண்டிருக்காமல் நேராகப் புறப்படுங்கள். பால் ஊற்றுவது, எண்ணெய் புகட்டுவது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம்.

நாட்டு வைத்தியத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதுவும் இதே தலைப்பில்தான் முடிகிறது. மண்ணெண்ணெய் தடவுவது, கற்பூரம் குழைத்துப் பூசுவது, யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் பூனைக்கு நஞ்சு. பூண்டு பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த பூனைக்கு அதைக் கொடுப்பதைவிடக் கொடுமை இல்லை. வேப்பெண்ணெய் நம் கைமருந்துதானே என்று தோன்றும். ஆனால் பூனை தன் உடம்பில் பட்டது அத்தனையையும் நக்கி விழுங்கும் பிராணி. நமக்குப் பூச்சு, அதற்கு உணவு. சோர்ந்திருக்கிறதே, காய்ச்சலோ என்று பாராசிட்டமால் கொடுப்பதும் கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

சொறிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பூச்சி கண்ணில் படவில்லை

இதுதான் நிறையப் பேர் சொல்லும் புகார். “தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. அப்புறம் எப்படித் தெள்ளு?”

பூனை தினம் பல மணி நேரம் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அரிப்பெடுத்த பூனை இன்னும் மும்முரமாக நக்கும். வந்த பூச்சியை அதுவே விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்கு மிஞ்சுவதில்லை. ஆகவே பூச்சியைத் தேடாமல் அதன் கழிவைத் தேடுங்கள். ஒரு வெள்ளைத் துணியை (பழைய வேட்டித் துண்டு நல்லது) விரித்துப் பூனையை அதன் மேல் நிறுத்தி, வாலடிக்கு மேலே முடியை எதிர்ப்பக்கமாகக் கோதுங்கள். கறுப்பாகப் பொடி உதிரும். அதில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். சாதாரண மண் என்றால் மண் நிறத்திலேயே இருக்கும். தெள்ளுக் கழிவு என்றால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பு வட்டம் ஊறிப் பரவும். அது பூனையின் ரத்தம், பூச்சியின் வயிற்றைக் கடந்து வந்தது.

பூச்சியையே பார்த்துவிட்டால் சந்தேகம் இல்லை. பக்கவாட்டில் தட்டையான, செம்பழுப்பு நிறமான, இறக்கை இல்லாத பூச்சி. 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. முடிக்குள் கிடுகிடுவென்று ஓடும், குதிக்கும். உண்ணி ஓடாது, ஒரே இடத்தில் கடித்துத் தொங்கி உருண்டையாகும். பேன் மெதுவாக ஊரும். இந்த வேறுபாடு முக்கியம்: உண்ணிக்குக் கேட்கிற எல்லா மருந்தும் தெள்ளுக்கும் கேட்டுவிடாது.

சில பூனைகளுக்குப் பூச்சியின் எச்சிலே ஒவ்வாமை. அப்படிப்பட்ட பூனையை ஒன்றிரண்டு பூச்சி கடித்தாலே போதும். கழுத்தைச் சுற்றியும் இடுப்புக்கு மேலும் கையை வைத்துத் தடவினால் கம்பு விதை அளவில் பொருக்குப் பொருக்காக விரலில் தட்டும். வயிறும் தொடை உட்புறமும் நக்கி நக்கி மொட்டையாகிவிடும். உதட்டில் புண் வருவதும் உண்டு. டாக்டர் அரிப்பை அடக்க சில நாளைக்கு ஸ்டீராய்டு எழுதலாம், புண்ணில் சீழ் இருந்தால் ஆன்டிபயாடிக்கும் எழுதலாம். இரண்டும் தற்காலிகம். வீட்டில் ஒரு பூச்சி மிஞ்சியிருக்கும்வரை ஊசி போட்ட பூனை அடுத்த மாதம் திரும்பச் சொறியும். ‘மருந்து கேட்கவில்லை’ என்று டாக்டரை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் அநேகமாக இந்த இடத்தில்தான் சுற்றுகிறார்கள்.

வட்ட வட்டமாக முடி கொட்டி, ஓரம் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது நமக்கும் ஒட்டும், மருந்தும் வேறு.

வாலடியில், படுக்கையில் அரிசி போல ஏதோ நெளிகிறது

நாடாப்புழுவின் துண்டு. புதிதாக வெளிவந்தது நெளியும். காய்ந்தால் எள் போலப் பழுப்பாகச் சுருங்கும். இது பெரும்பாலும் தெள்ளு வழியாக வருகிறது, பழைய சோற்றினால் இல்லை. தரையில் கிடக்கும் நாடாப்புழு முட்டையைத் தெள்ளின் புழு தின்கிறது. அது வளர்ந்து பூச்சியாகிப் பூனை மேல் ஏறுகிறது. பூனை அதை நக்கி விழுங்குகிறது. சுமார் மூன்று வாரத்தில் வயிற்றில் நாடாப்புழு தயார்.

வழக்கமாகக் கொடுக்கும் குடற்புழு மருந்தில் பைரன்டெல் மட்டும் இருந்தால் நாடாப்புழு அசையாது. பிராசிகுவான்டெல் வேண்டும். அது இருக்கிற புழுவை ஒரே முறையில் தீர்த்துவிடும். ஆனால் பூனை மறுநாளே இன்னொரு தெள்ளை விழுங்கினால் பழையபடி ஆரம்பம்.

தரையில் தவழும் குழந்தை தப்பித் தவறித் தெள்ளை விழுங்கிவிட்டால் அதற்கும் இதே புழு வரலாம். அடிக்கடி நடப்பதில்லை, பெரிய ஆபத்தும் இல்லை. குழந்தையின் மலத்தில் அரிசி போலத் தெரிந்தால் வழக்கமான குடற்புழு மருந்தை மட்டும் கொடுக்காமல், வீட்டில் பூனை இருப்பதையும் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

காதில் கறுப்பு அழுக்கு, அல்லது காது மடலில் ஒட்டிய பூச்சி

காதுக்குள் காப்பித்தூள் போல அழுக்கு, தலையை உதறல் என்றால் காதுச் சிற்றுண்ணி. இந்தக் கட்டுரையின் ஆள் இல்லை. காது மடல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தொட்டாலும் ஓடாமல் இருந்தால் அது கோழியிடம் வாழும் ஒட்டுத் தெள்ளு. கொல்லையில் கோழி இருக்கிற வீடுகளில் பார்க்கலாம். பூனைக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பிரயோசனம் இல்லை, கோழிக்கூட்டையும் கவனிக்க வேண்டும்.

மருந்து போட்டேன், ஒரு வாரத்தில் மறுபடி வந்துவிட்டது

பெரும்பாலும் மறுபடி வரவில்லை, போகவே இல்லை.

பெண் தெள்ளு பூனை மேல் ஏறி ரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கும். உச்சத்தில் நாளுக்கு 40, 50 முட்டை. முட்டை வழுவழுப்பானது, முடியில் ஒட்டாது. பூனை எங்கே தூங்குகிறதோ, எங்கிருந்து குதித்து இறங்குகிறதோ அங்கெல்லாம் உதிரும். சில நாளில் பொரித்துப் புழுவாகும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது; இருட்டுக்குள் ஊர்ந்து போய், மேலிருந்து விழும் தெள்ளுக் கழிவைத் தின்று வளரும். பிறகு தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான கூடு கட்டும். அந்தக் கூட்டில் தூசியும் மணலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கும் தெரியாது. நம்மிடம் இருக்கும் மருந்து எதுவும் கூட்டுக்குள் சரியாகப் போகாது. வெப்பமும் ஈரப்பதமும் சரியாக இருந்தால் முட்டையிலிருந்து பூச்சி வரை மூன்று, நான்கு வாரம்.

எனவே மருந்து போட்ட பிறகும் சில வாரங்களுக்குப் புதுப் பூச்சி கூட்டை விட்டு வந்துகொண்டே இருக்கும். அவை பூனை மேல் ஏறி, மருந்து பட்டுச் செத்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். இரண்டாம் வாரத்தில் பொறுமை இழந்து, அதற்கு மேல் இன்னொரு மருந்தைப் போடுவதுதான் ஆபத்து. குறைந்தது மூன்று மாதம், மாதாமாதம் அல்லது அட்டையில் சொன்ன இடைவெளியில், விடாமல் போட வேண்டும்.

அதற்கு மேலும் குறையவில்லை என்றால் இவற்றைச் சரிபாருங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் அவரவருக்கான மருந்து போட்டீர்களா? ஒன்றை விட்டாலும் அது முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். (முயல் வளர்த்தால் ஃபிப்ரோனில் அதன் பக்கமே போகக் கூடாது.) சொட்டு மருந்தை முடியை விலக்கித் தோலில் விட்டீர்களா? முடி மேல் விட்டது வீண். கழுத்தின் பின்புறம், நாக்கு எட்டாத இடத்தில்தானே விட்டீர்கள்? போடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டாமல் இருந்தீர்களா? பெரிய பூனைக் குப்பியை மூன்று பூனைக்குப் பங்கு வைத்தீர்களா? மலிவாக முடிக்கப் பார்த்து இதைச் செய்கிறவர்கள் நம் ஊரில் அதிகம்; கடைசியில் செலவு இரண்டு மடங்கு.

இதெல்லாம் சரி என்றால் குற்றம் தரையில்.

நம் பக்கத்து வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். வளவு நடுவில் முற்றம், அதில் வெயில் நேராக இறங்கும். வெயில் பட்ட சூடான கல்லில் தெள்ளுப் புழு காய்ந்து செத்துவிடும். 50 சதவீதத்துக்கும் கீழே ஈரப்பதம் இறங்கினாலே அதற்குப் பிழைப்பு கஷ்டம். ஆக சித்திரை, வைகாசி நமக்குச் சாதகம். ஆனால் முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் எப்படி இருக்கின்றன? கனத்த சுண்ணாம்புச் சுவர், சின்ன ஜன்னல், பாதி நாள் சாத்திய கதவு. வெளியே அனல் அடித்தாலும் உள்ளே குளுமை. அந்தக் குளுமைக்காகத்தான் பூனையும் அங்கே போய்ப் படுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமும் சேர்ந்துவிட்டால் தெள்ளுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் நடுப்பகுதியில் பெரிய பிரச்சினை இல்லை. வழவழப்பாக இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். தூசி ஒதுங்குவது சுவரோரத்தில், கல் தேய்ந்து இடுக்கு விட்ட இடத்தில், தேக்கு நிலைப்படியின் அடியில், தூணின் அடிக்கல் சுற்றில். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். சாம்பல் தூசியோடு கறுப்புப் பொடியும், நுணுக்கமான வெள்ளை மணிகளும் கலந்து கிடந்தால் அதுதான் நாற்றங்கால்.

வாக்குவம் கிளீனர் இருந்தால் அதைவிட உதவும் பொருள் இல்லை. முட்டையையும் கழிவையும் உறிஞ்சும். அதன் அதிர்வில் கூட்டுக்குள் இருப்பவையும் வெளியே வந்து மாட்டும். பையை அப்போதே கட்டி வெளியே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அதற்குள்ளேயே பொரிக்கும். வாக்குவம் இல்லாத வீட்டில் சுவரோரத்தைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் இழுத்துக் கூட்டி, உடனே சோப்புத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். ஃபீனைல் வேண்டாம், தரையில் நடந்த பூனை காலை நக்கும், அதிலுள்ள பீனால் வகை ரசாயனம் அதற்கு விஷம், கூட்டை அது கொல்லவும் போவதில்லை.

பூனை படுக்கும் துணியை வாரம் ஒரு முறை கொதிக்கும் அளவு சூடான தண்ணீரில் முக்கித் துவைத்து, முற்றத்து வெயிலில் போடுங்கள். ஓலைப் பெட்டி, தடுக்கு, பழைய ஜமுக்காளம் இவற்றில்தான் பூனைக்குப் பிரியம். ஓலைப் பின்னலின் இடுக்கைத் துவைக்க முடியாது. குட்டி போட்ட பெட்டியை எரித்துவிட்டு, அட்டைப் பெட்டியில் பழந்துணி போட்டுக் கொடுங்கள். அட்டைப் பெட்டியை வாரம் ஒன்றாக மாற்றிவிடலாம்.

மருந்து அடிக்கும் ஆட்களைக் கூப்பிட்டால் வீட்டில் பூனை இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் போன்றவை முட்டையும் புழுவும் பூச்சியாக வளர்வதைத் தடுப்பவை. அவற்றைக் கலந்து அடிக்கக் கேளுங்கள். தரை முழுக்கக் காயும்வரை பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள். மீன் தொட்டி இருந்தால் மூடிவையுங்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கால் முழுக்கக் கடி

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பிள்ளையார் நோன்புக்கோ படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து வீட்டைத் திறப்பார்கள். உள்ளே போய்ப் பட்டியக்கல்லில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகவில்லை, கணுக்காலில் சுரீர். “பூனையே இல்லாத வீட்டில் இது எப்படி?” என்பார்கள்.

பூனை இருந்தது. முற்றத்துக் கம்பிவலையில் ஓட்டை இருந்தால் கூரை வழியே இறங்கி, உள்ளே குட்டி போட்டு, வளர்ந்ததும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கூட்டுக்குள் முழுதாக வளர்ந்த தெள்ளு வெளியே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதை வெளியே வரவைக்கும் சமிக்ஞைகள் மூன்று: அதிர்வு, உடல் வெப்பம், மூச்சுக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. கதவைத் திறந்து ஒரு குடும்பமே உள்ளே நடந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடுகிறது. அத்தனையும் சேர்ந்து குதிக்கின்றன, பூனை இல்லாததால் நம் கால்தான்.

விசேஷத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே யாராவது ஒருவர் வந்து திறப்பது நல்லது. வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தால், எந்த அறையில் இருக்கிறது என்று காலுறையிலேயே கறுப்பாகத் தெரியும். அந்த அறையில் ராத்திரி ஒரு அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலே தாழ்வாக ஒரு பல்பு எரியவிடுங்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் குதித்து வந்து தட்டில் விழும். இது ஒழிக்கிற வழி இல்லை, எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற வழி. அப்புறம் கட்டில், பெட்டகம் எல்லாவற்றையும் தள்ளி இழுத்து, நன்றாக மிதித்து நடந்து, கூட்டில் இருப்பதை வெளியே வரவையுங்கள். பிறகு கூட்டித் துடைத்து மருந்தடித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் விருந்தாளிகள் காலை ஆட்டிக்கொண்டேதான் சாப்பிடுவார்கள்.

வலை ஓட்டையை அடைப்பதற்கு முன் உள்ளே குட்டி எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்குக் கடி, நெறிக்கட்டு, காய்ச்சல்

பூனைத் தெள்ளு மனிதர் மேல் தங்கி வாழாது; கடித்துவிட்டுப் போய்விடும். கொலுசு படும் இடத்துக்கு மேலே, வரிசையாக அல்லது கொத்தாகச் சிவப்புத் தடிப்புகள். அரிப்புக்கு ஐஸ், காலமைன் லோஷன். குழந்தைகள் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பூனை பிறாண்டிச் சில நாளில் அந்த இடத்தில் சிறு கொப்புளம், ஒன்று முதல் மூன்று வாரத்தில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டினால் அது பூனைப் பிறாண்டல் காய்ச்சலாக இருக்கலாம். பார்ட்டோனெல்லா என்ற பாக்டீரியா. தெள்ளு ஒரு பூனையிலிருந்து இன்னொரு பூனைக்கு அதைக் கொண்டுபோகிறது; அதன் கழிவு பூனை நகத்தில் ஒட்டி, பிறாண்டும்போது நம் தோலுக்குள் போகிறது. பூனைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நமக்கும் அநேகமாகத் தானாகவே வடிந்துவிடும், கொஞ்ச நாள் ஆகும். எச்ஐவி உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்கள் மட்டும் இதை லேசாக எடுக்கக் கூடாது. அவர்கள் இருக்கும் வீட்டில் குட்டிப் பூனையோடு முரட்டு விளையாட்டு வேண்டாம்.

பிறாண்டலோ கடியோ எதுவானாலும் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடி ஊசிக்காக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தெள்ளால் வருவதில்லை, ஆனால் பூனையால் வரும். நெறிக்கட்டுக்குக் காத்திருக்கலாம், இதற்குக் காத்திருக்க முடியாது.

காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, சில நாளில் உடம்பில் தடிப்பு என்றால் தெள்ளு பரப்பும் டைஃபஸ் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். முக்கியமாக எலித் தெள்ளு வழியாக வருவது. பூனைத் தெள்ளும் கடத்தும். மழைக்குப் பிறகு நம் மாநிலத்தில் அதிகம் பேசப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் இதிலிருந்து வேறு. அது புதரில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது. பல நேரம் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கும். பூனையைத் துரத்தி அதைத் தடுக்க முடியாது. இரண்டுக்குமே டாக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தால். அதனால் காய்ச்சலுக்குப் போகும்போது டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: வீட்டில் பூனை இருக்கிறது, பரணில் எலி ஓடுகிறது, போன வாரம் பூட்டிய அறையை ஒதுக்கினோம், காலில் கடித்தது.